விளைச்சல் விழாக்கள் – 8: கம்பளம் எந்த மண்ணில் நடக்கும்?

சென்ற வாரம் போர்னியோத் தீவின் சரவாக்கில் தயாக் மக்கள் கொண்டாடும் கவாய் விழாவைப் பார்த்தோம். மலைநெல் அறுத்து முடிந்ததும் நீள்வீட்டுக்கு நீள்வீடு வெவ்வேறு நாளில் நடந்துவந்த நன்றிப் படையல் அது. காலனி அரசு கடைசிவரை தர மறுத்த விடுமுறையை 1964 செப்டம்பரில் அரசிதழில் ஏற்றி, 1965 முதல் ஜூன் 1 என்று ஒரே நாளாக்கினார்கள். இபான், பிடாயூ, ஓராங் உலு என்று தனித்தனியாக இருந்த மக்களுக்கு அந்தத் தேதி ஒரு பொதுப்பெயரையும் அரசியல் குரலையும் கொடுத்தது. இந்த வாரம் நம் வீட்டுப் பக்கமே வருவோம். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கேரள எல்லையைத் தாண்டினால் அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டத்தின் இந்த மலைநாட்டுக்கு அகளிதான் கடைத்தெருவும் அலுவலகங்களும் கூடுமிடம். இங்குள்ள இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடிகளிடம் கம்பளம் என்றொரு வேளாண் விழா உண்டு. கம்பளத்துக்கு அரசு விடுமுறை கிடையாது. ஆனால் கலைவிழா மேடைகளிலும் சுற்றுலாக் காணொளிகளிலும் அதற்கு இன்று தாராளமாக இடம் கிடைக்கிறது. அதனால் பழங்குடிப் பண்பாடு காப்பாற்றப்பட்டு வருகிறது என்ற நிம்மதி பலரிடம் இருக்கிறது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம். கம்பளம் ஒரு வேளாண்மையை நடத்திவைத்த ஏற்பாடு. நிலமும் விதையும் ஊர்க்காரர்களின் கையில் இருக்கும் அளவுக்குத்தான் அது உயிரோடு இருக்கும்.

விழாவைப் புரிந்துகொள்ள முதலில் மழையைப் பார்க்க வேண்டும். அட்டப்பாடியின் பரப்பு ஏறத்தாழ 745 சதுர கிலோமீட்டர். மேற்கு ஓரத்தில், சைலன்ட் வேலிக் காட்டை ஒட்டிய முக்காலிப் பக்கம், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தொடும் அளவுக்கு மழை கொட்டும். அங்கிருந்து கிழக்கே சில பத்துக் கிலோமீட்டர் வந்து தமிழக எல்லையை நெருங்கினால் ஆயிரத்தை எட்டுவதே அரிது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பவானி, இந்த ஈரத்தையும் வறட்சியையும் ஒரே பள்ளத்தாக்கில் கோத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. அகளி, புதூர், சோலையூர் என்ற மூன்று ஊராட்சிகளில் சுமார் 190 பழங்குடி ஊர்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இருளர்களுடையவை, கிழக்குச் சரிவுகளில் பரவலாக இருப்பவை. முடுகர்களுக்கு இருபதுக்குச் சற்று அதிகமான ஊர்கள். குறும்பர்களின் ஊர்கள் இருபதுக்குள்தான். அவை மேற்கே உள்காட்டில் இருக்கின்றன. இத்தனை வேறுபட்ட மழைக்கு ஒரே விதைப்புத் தேதி பொருந்தாது. எந்த ஊர் எப்போது விதைக்க வேண்டும் என்பதை அந்தந்த ஊரின் வானமும் மண்ணும்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டுச் சொல்வதற்கென்றே ஊருக்கு ஒருவர் உண்டு. அவர் மண்ணுக்காரன். ஊரை நடத்துபவர் மூப்பன், பொருளைக் கவனிப்பவர் பண்டாரி, அவர்களுக்குத் துணை நிற்பவர் குறுதலை. இவர்களோடு சேர்ந்து, மண்ணைப் பற்றிய அறிவுக்கும் சடங்குக்கும் பொறுப்பானவர் மண்ணுக்காரன்.

விதைப்புக்கும் அறுப்புக்கும் கம்பளம் உண்டு. அன்று ஊர் முழுவதும் வாத்தியங்களோடு பஞ்சக்காட்டுக்குப் போகும். காட்டுச் சரிவில் ஒரு பகுதியைத் திருத்தி, வெட்டியதை உலர்த்தி எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் கலந்து விதைக்கும் நிலம்தான் பஞ்சக்காடு. சில வெள்ளாமைக்குப் பிறகு அதை ஆறவிட்டு வேறிடம் போவார்கள். கேழ்வரகு, சாமை, தினை, சோளம், துவரை, அவரை, கடுகு, கீரை எல்லாம் ஒரே நிலத்தில் வளரும். ஒன்றன்பின் ஒன்றாக முற்றி, பல மாதங்களுக்குச் சமையலுக்கு வந்துகொண்டிருக்கும். மண்ணுக்காரன் தெய்வத்தை வணங்கி முதல் விதையைப் போடுவார். தவிலும் பெறையும் கொகலும் ஜால்ராவும் ஒலிக்க, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று தாளத்துக்குக் கொத்துவார்கள். விளைந்த புதுத் தானியம் தெய்வத்துக்குப் போன பிறகே வீட்டு உலைக்குப் போகும். குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனமும் கிளியோட்டும் பெண்களும் படித்த தமிழ் வாசகருக்கு இது அயலார் உலகமல்ல. காட்டைத் திருத்தித் தினை விதைத்து, பறவைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து, வேலனை அழைத்து வெறியாடிய அந்த மலைவாழ்வின் வேளாண் அடிப்படையை நாம் இலக்கியத்தில் போற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். அதே அடிப்படை நம் காலத்தில் அகளிக்குப் பக்கத்தில் இருந்தபோது, அதற்குப் பின்தங்கிய வேளாண்மை என்று பெயர் வைத்தோம்.

இந்த விழாவை ஆட்டமாக மட்டும் பார்ப்பவர் அதன் நான்கு வேலைகளைத் தவறவிடுகிறார். முதலாவது, அது நாள் குறிக்கிறது. ஓர் ஊரின் நிலங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விதைக்கப்பட்டால் ஒரே சமயத்தில் கதிர் முற்றும். கிளியும் குருவியும் காட்டுப்பன்றியும் தின்பது பல கொல்லைகளுக்குப் பரவிப்போகும். இரவுக் காவலையும் முறை வைத்துக்கொள்ளலாம். தனியாக ஒருவர் மட்டும் விதைத்தால் சுற்றுவட்டாரப் பறவைக்கெல்லாம் அவருடைய கொல்லை ஒன்றே இரை. இரண்டாவது, அது உழைப்பைத் திரட்டுகிறது. கூலி கொடுக்கப் பணம் இல்லாத பொருளாதாரத்தில் விதவைக்கும் முதியவருக்கும் நிலம் கொத்தித் தருவது யார் என்ற கேள்விக்குக் கம்பளம் பதில் சொன்னது. மூன்றாவது, அது விதையைக் காக்கிறது. சடங்குக்கு இன்ன தானியம் வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் வரை, சந்தையில் விலை போகாத விதையையும் யாராவது ஒருவர் வைத்திருந்தே ஆக வேண்டும். நான்காவது, எந்தச் சரிவில் இந்த ஆண்டு விதைப்பது, எதை ஆறவிடுவது என்று ஊர் கூடி முடிவெடுக்கும் இடமாகவும் அது இருந்தது. தேதி, உழைப்பு, விதை, நில ஒதுக்கீடு ஆகிய நான்கும் இன்று வேளாண்மைத் துறை, வேலை உறுதித் திட்டம், விதைப் பண்ணை, வருவாய்த் துறை என்று நான்கு அலுவலகங்களின் பொறுப்பு. அந்த நான்கையும் ஒரு தவில் ஒலிக்குள் முடித்துக்கொண்ட சமூகத்தைச் சடங்கில் மூழ்கியவர்கள் என்பது அவசரத் தீர்ப்பு.

சடங்குக்குள் நிர்வாகம் இருப்பதாகச் சொல்வது மிகையான விளக்கம் என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு நன்றாக ஆராயப்பட்ட சாட்சி போர்னியோவுக்குத் தெற்கே, பாலித் தீவில் இருக்கிறது. அங்கே சுபக் எனப்படும் பாசன அமைப்புகள் நீர்க்கோயில்களின் சடங்கு நாட்காட்டிப்படி நெல் நடுவதும் நிலத்தை ஆறவிடுவதுமாக இருந்தன. 1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால், கோயில் நாட்காட்டியை ஒதுக்கிவிட்டு முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னார்கள். விளைவு, தண்ணீர்த் தகராறும் பூச்சித் தாக்குதலும். அருகருகே உள்ள வயல்கள் ஒன்றாகத் தரிசு கிடக்கும்போது பூச்சிக்கு உணவு இல்லாமல் போவதே கோயில் நாட்காட்டியின் மறைபொருள் என்பதை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் விரிவாகக் காட்டினார். அவருடைய புத்தகம் 1991-ல் வெளிவந்தது. சுபக் அமைப்பு 2012-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பாலியின் நஞ்சையும் அட்டப்பாடியின் புன்செய்யும் ஒன்றல்ல. அட்டப்பாடியில் அப்படியொரு கணக்கை யாரும் போட்டுக் காட்டிவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால், பலர் ஒரே நாளில் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும் வேளாண்மையில் அந்த நாளைத் தெய்வத்தின் பெயரால் குறிப்பதற்கு நடைமுறைக் காரணம் இருக்கக்கூடும் என்பதை பாலி நிரூபிக்கிறது. கம்பளத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: அது எதை நடத்திக்கொண்டிருந்தது?

அது நடத்திக்கொண்டிருந்த வேளாண்மை குலைந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்லலாம். 1956 நவம்பர் வரை அட்டப்பாடி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. நிலத்தின் ஜன்மி உரிமை மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் போன்றவர்களிடம் இருந்தது. ஊர்க்காரர்கள் அதில் பங்கோ பாட்டமோ கொடுத்து விவசாயம் செய்தார்கள். அவர்கள் கையில் பத்திரம் இல்லை. பத்திரம் உள்ளவரிடம் நிலம் வாங்கத் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து மலையாளிகளும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து தமிழர்களும் வந்தார்கள். இதில் தமிழர் பங்கை நாம் மறைக்கக் கூடாது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-ல் அவர்கள் பாதிக்கும் குறைவு. 1971-ல் தனியார் காடுகளை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தபோது ஆறவிட்டிருந்த பஞ்சக்காடுகளும் காடு என்ற கணக்கில் ஏறின. பள்ளத்தாக்கின் நல்ல நிலம் குடியேறியவரிடம், சரிவு நிலம் வனத்துறையிடம். சுழன்று கொண்டிருந்த வேளாண்மைக்குச் சுழல இடமில்லாமல் போனது. இருந்த சிறு துண்டிலேயே ஆண்டுதோறும் விதைத்தால் மண் களைத்துப்போகும். களைத்த மண்ணில் விளைவது குறைய, கடன் ஏற, அந்தத் துண்டும் கைமாறும். இதற்குள் நியாயவிலைக் கடை அரிசி மலையேறியது. பசிக்கு அது உதவியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் அதிகமான சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பது பத்து மில்லிகிராம் அளவே. தானியத்தோடு துவரையும் அவரையும் கீரையும் சேர்ந்து போனதுதான் பெரிய இழப்பு. 2013-ல் அட்டப்பாடியின் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாடே திரும்பிப் பார்த்தபோது, தாய்மாரின் சத்துக்குறைவும் இரத்தசோகையும் முக்கியக் காரணங்களாகப் பேசப்பட்டன. மருத்துவமனையும் சமூகச் சமையலறையும் வந்தன, வர வேண்டியவைதான். உணவை விளைவித்த நிலம் எங்கே போனது என்ற கேள்வி மட்டும் வேறு கோப்பில் இருந்தது.

அந்தக் கோப்பின் வரலாறும் இந்த வாதத்துக்கு வேண்டும். பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைத் தடுத்து, கைமாறியதை மீட்டுத் தரும் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 1975-ல் நிறைவேற்றியது. அதற்கான விதிகள் எழுத 1986 ஆனது. அதன் பிறகும் நகராததால் வழக்கு நடந்து, 1993-ல் உயர் நீதிமன்றம் நிறைவேற்றச் சொன்னது. 1999-ல் வேறொரு சட்டம் வந்தது: இரண்டு ஹெக்டேர் வரையிலான விவசாய நிலம் வைத்திருப்பவரிடமே இருக்கட்டும், இழந்த பழங்குடிக்கு வேறு இடத்தில் நிலம் தரலாம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. குடியேறிய ஏழை விவசாயியையும் தெருவில் விட முடியாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கம்பளத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்தச் சட்டத்தின் குறை தெளிவாகத் தெரியும். ஏக்கருக்கு ஏக்கர் ஈடு என்ற கணக்கு, நிலத்தைத் தனி ஆளின் சொத்தாக மட்டுமே பார்க்கிறது. கம்பளத்துக்கு வேண்டியது அடுத்தடுத்த நிலம், அதில் ஒன்றாக விதைக்கும் பங்காளிகள், முறை வைத்துக் காவல் காக்கும் அண்டைக் கொல்லை. எங்கோ ஒரு சரிவில் கிடைக்கும் ஓர் ஏக்கரில் தவில் கொட்ட நாலு பேர் கூட மாட்டார்கள். நிலத்தைத் திருப்பித் தந்தும் வேளாண்மை திரும்பாமல் போகலாம் என்பதற்கு இதுவே காரணம். 2006-ன் வன உரிமைச் சட்டம் இந்த இடத்தில் ஒரு படி முன்னே நிற்கிறது. அது தனிமனித உரிமையோடு சமூக உரிமையையும், அதைத் தீர்மானிக்கும் இடமாக ஊர்க்கூட்டத்தையும் ஏற்கிறது. விழா எந்த அலகில் நடந்ததோ அந்த அலகிலேயே உரிமையை வைக்கும் சட்டம் அது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு துண்டுப் பட்டா என்பதோடு அதை முடித்துக்கொண்டால் அந்தப் பலம் வீணாகும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது. நிலம் இல்லாவிட்டாலும் விழா வாழத்தானே செய்கிறது? சென்னையின் அடுக்குமாடியில், கரும்பு எந்த மாதம் நடுவார்கள் என்று அறியாத வீட்டிலும் பொங்கல் பொங்குகிறது. கூச்சிங் நகரத்தில் அலுவலகம் போகும் தயாக் இளைஞரும் கவாய்க்கு அரிசிக் கள்ளோடு விருந்து வைக்கிறார். அட்டப்பாடியின் இருளர் பெண்ணான நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காக 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். மலையின் பாட்டு நாடெங்கும் கேட்டது. விழாவும் பாட்டும் வயலை விட்டு வெளியேறி வாழ முடியும் என்பதற்கு இவை சான்றில்லையா? சான்றுதான். ஆனால் எந்தத் துணையோடு வாழ்கின்றன என்றும் பார்க்க வேண்டும். பொங்கலுக்குப் பின்னால் கோடிக்கணக்கான மக்கள், அரசு விடுமுறை, பரிசுத் தொகுப்பு, சந்தை எல்லாம் நிற்கின்றன. தை மாதத்தில் உண்மையிலேயே நெல் அறுக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களும் நிற்கின்றன. கவாய்க்குப் பின்னால் ஒரு மாநிலத்தின் பெரும் வாக்குவங்கி இருக்கிறது. நகரத்துத் தயாக்கும் அன்று பெரும்பாலும் திரும்பிப் போவது நீள்வீட்டுக்குத்தான். அந்த நீள்வீடு ஒரு நிலத்தின் மேல் நிற்கிறது. அந்த நிலத்துக்காகத்தான் அங்கேயும் சண்டை நடக்கிறது. நீள்வீட்டைச் சுற்றிய மரபுவழி எல்லை நிலத்துக்கும் காப்புக்காட்டுக்கும் சட்ட வலு இல்லை என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பளித்தது. எழுந்த எதிர்ப்பில் சரவாக் அரசு 2018-ல் நிலச் சட்டத்தைத் திருத்தி, ஒரு வரம்புக்குள் அந்த உரிமையை ஏற்க வேண்டிவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் விடுமுறை பெற்ற விழா, அந்த மக்களின் நிலத்துக்குத் தானாகக் காவல் நிற்கவில்லை. இத்தனைக்கும் தயாக் மக்கள் சரவாக்கில் எண்ணிக்கையில் பெரிய சமூகம். சில ஆயிரம் பேரே உள்ள குறும்பர்களுக்கு அந்தத் துணை எதுவும் கிடையாது. வயல் போனால் அவர்களுடைய விழாவைத் தாங்க மீதி இருப்பது மேடை மட்டுமே. மேடைக்கு வேண்டியது பத்து நிமிட ஆட்டம். மண்ணுக்காரனின் அறிவுக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டாவது மறுப்பு சூழலியல் பக்கமிருந்து வருகிறது. காட்டை எரித்து விதைக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தால் அட்டப்பாடி மேலும் மொட்டையாகாதா? இதற்கு உணர்ச்சியோடு பதில் சொல்வதில் பயனில்லை. மலைவேளாண்மை எப்போதும் காட்டுக்கு நல்லது என்பதும் பொய். எப்போதும் கேடு என்பதும் பொய். ஹெரால்ட் காங்க்லின் 1957-ல் பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்களைப் பற்றி எழுதிய ஆய்வு, போதிய காலம் நிலத்தை ஆறவிடும் வரை இந்த முறை காட்டை மீளவிடுவதைக் காட்டியது. அதற்கு இரண்டாண்டு முன் டெரெக் ஃப்ரீமன் இபான் தயாக்குகளைப் பற்றி எழுதியபோது, புதுக்காடு தேடி முன்னேறிய குழுக்கள் நிலத்தைத் தாறுமாறாகச் செலவழித்ததையும் பதிவு செய்தார். இரண்டும் சொல்வது ஒன்றே: ஆறவிடும் காலம்தான் தீர்ப்பு. அட்டப்பாடியில் அந்தக் காலத்தைச் சுருக்கியது ஊர்க்காரரின் பேராசை அல்ல. அவர்களுக்கு எஞ்சிய நிலத்தின் அளவு. மேலும் இந்த மலைகள் மொட்டையானதில் மரக் குத்தகைக்கும் குடியேற்றத்துக்கும் பெரும் பங்குண்டு. நிலை எவ்வளவு முற்றியது என்றால், 1996-ல் ஜப்பானியக் கடனுதவியோடு 219 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அகளியை மையமாக வைத்து நடத்த வேண்டியிருந்தது; அஹாட்ஸ் என்ற பெயரில் பல ஆண்டுகள் மண்ணையும் நீரையும் காடுகளையும் மீட்க அது உழைத்தது. இன்று யாரும் பழையபடி மலை மலையாக எரிக்கக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க நிலமில்லை. நிலையான கொல்லையிலும் கலப்பு விதைப்பு நடக்கும். துவரையும் அவரையும் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். சடங்குக்குத் தேவை ஊர் ஒன்றுகூடி விதைக்கும் ஒரு நிலம். அது எரித்த நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது மறுப்பை அகளியின் இளைஞர்களே சொல்லக்கூடும். படித்து வேலைக்குப் போக நினைப்பவரைத் தாத்தாவின் கொல்லைக்குத் திரும்பச் சொல்வது எந்த நியாயம்? யானையும் பன்றியும் மிச்சம் வைக்காத கேழ்வரகுக்காக யார் இரவில் மாடத்தில் கண்விழிப்பது? பழங்குடிகள் எப்போதும் சிறுதானியம் விதைத்து ஆடிப்பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நகரத்துக்காரர் ஆசைப்படுவது இன்னொரு வகை ஆதிக்கம் அல்லவா? இதில் பாதியை அப்படியே ஏற்க வேண்டும். யாரையும் கொல்லைக்குத் துரத்தும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டு வெளியேறுவதும் ஒன்றிலிருந்து வெளியேற்றப்படுவதும் வேறு வேறு. நிலம் கையில் இருந்து, விதைக்கும் வசதி இருந்து, அதற்குப் பின் ஒருவர் ஆசிரியராகவோ ஓட்டுநராகவோ போனால் அது அவருடைய தேர்வு. இங்கே நடந்தது அதுவல்ல. வனவிலங்குச் சேதமும் ஓரளவு அதே காரணத்தின் விளைவு: ஊர் முழுவதும் விதைத்த காலத்தில் காவல் பகிரப்பட்டது, நாலு பேர் மட்டும் விதைக்கும்போது அந்த நாலு பேரின் உழைப்பு முழுவதும் பன்றிக்குப் போகிறது. ஓரளவு என்றே சொல்கிறேன். யானையின் வழித்தடமும் உணவும் குறுகிப்போனதற்குக் கம்பளத்தால் தீர்வு தர முடியாது. அதற்கு வேலியும் இழப்பீடும் வனத்துறையின் பொறுப்பும் வேண்டும்.

இவ்வளவும் வெறும் இழப்புக் கணக்கல்ல என்று காட்ட அண்மைக் காலத்தில் சில ஆதாரங்கள் கிடைத்திருக்கின்றன. 2017-ல் கேரளத்தின் வேளாண்மைத் துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து அட்டப்பாடியில் சிறுதானிய கிராமம் திட்டத்தைத் தொடங்கின. கேழ்வரகும் சாமையும் தினையும் விதைக்கக் கொடுத்தார்கள். ஊர்களில் கொல்லை மீண்டும் பச்சையானபோது கம்பளமும் மேடையிலிருந்து விதைப்பு நாளுக்குத் திரும்பி வந்தது. 2022-ல் அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சக்காட்டில் கேழ்வரகோடு கலந்து வளர்ந்த அதே பயறுகள்தான் இவை. இடுக்கி மாவட்டத்தின் சின்னார் சரணாலயத்துக்குள் தாயண்ணன்குடி முதுவர்கள், கைவிட்டுப்போன கேழ்வரகு வகைகளை வனத்துறையின் உதவியோடு தேடிச் சேர்த்து மறுபடி விதைத்திருக்கிறார்கள். குடி இருந்த இடத்திலேயே இருந்தது, பயிரிட நிலமும் இருந்தது. விதை திரும்பியபோது பிடித்துக்கொள்ள மண் இருந்தது. அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் தேவை. 2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு, சாமையும் தினையும் நகரத்துக் கடைகளில் விலையேறிய பண்டங்கள். விளைவித்தவர் அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசியே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வருமானம் வந்திருக்கும். குழந்தையின் தட்டில் எதுவும் மாறியிருக்காது. புதுத் தானியம் முதலில் தெய்வத்துக்கு, பிறகு வீட்டுக்கு, மிச்சமே வெளிக்கு என்ற கம்பளத்தின் வரிசையில் உணவுக் கொள்கை ஒன்று இருக்கிறது. திட்டம் தீட்டுபவர்கள் பொறிப்பதற்கு முத்திரை தேடும் நேரத்தில் அந்த வரிசையையும் கவனிக்கலாம்.

ஆகவே கம்பளம் பிழைத்திருக்கிறதா என்று அளக்க, எத்தனை மேடைகளில் ஆடினார்கள் என்று எண்ணுவது தவறான அளவுகோல். இந்த ஆண்டு எத்தனை ஊர்கள் ஒன்றாக விதைத்தன, எத்தனை ஊர்களில் விதை சொந்தக் கையிருப்பிலிருந்து வந்தது, எத்தனை வீடுகளில் புதுத் தானியம் சமைத்தார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். அகளியில் உள்ள ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சித் திட்ட அலுவலகத்தால் இந்த மூன்றையும் ஆண்டுதோறும் கேட்டுப் பதிய முடியும். அதற்குப் புதுச் சட்டமோ பெரிய செலவோ வேண்டாம். பண்பாட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஊர் அளவிலான நில அளவைக்கும் விதைக் களஞ்சியத்துக்கும் பொது வேலிக்கும் திருப்பினால், ஆட்டத்துக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்காது. தயாக் மக்களிடமிருந்து கற்க வேண்டியது இரண்டு. விழா ஒரு சிறுபான்மைக்குக் குரல் தரும் என்பது ஒன்று. விடுமுறை கிடைத்த பிறகும் நிலத்துக்காகத் தனியே போராட வேண்டும் என்பது மற்றொன்று. அட்டப்பாடிக்கு இன்னும் விடுமுறைகூடக் கிடைக்கவில்லை என்பதால், முதலில் எதைக் கேட்பது என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பாவது மிஞ்சியிருக்கிறது. கேட்க வேண்டியது நிலம்.

அடுத்த வாரம் இடுக்கிக்குப் போவோம். கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் மன்னான் மக்களுக்கு இன்றும் ஓர் அரசர் உண்டு; அறுவடைக்குப் பின் அவர்கள் நடத்தும் காலாவூட்டு விழாவின் கூத்தில் கோவலன், கண்ணகி கதை பாடப்படுகிறது. மதுரையை விட்டுப் போன ஒரு கதை மலைமேல் விளைச்சலோடு எப்படிச் சேர்ந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)